ஐந்து இரவில் ஐஸ்லாந்து: வட ஒளி, பனிக்குகை, அருவிகள் பார்க்க முழுமையான வழிகாட்டி

வட துருவப் பக்கத்து இரவு வானத்தில் ஆடுகிற வட ஒளி (அரோரா) பார்க்கப் போகிறேன் என்று யார் வந்து யோசனை கேட்டாலும் நான் முதலில் சொல்வது, ஒளியை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள் என்பதுதான். அது சூரியனும் மேகமும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம், உங்கள் லீவு நாட்கள் அதற்குத் தெரியாது. பகலில் பார்க்க நிறைய இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள், இரவு ஆனதும் வானத்தின் மேல் ஒரு கண் வைத்திருங்கள். அப்படிப் போனால் ஒளி வராமல் போனாலும் பயணம் வீணாகாது.

அந்தக் கணக்கில் என் தேர்வு ஐஸ்லாந்து. ஒளி மட்டும்தான் வேண்டும், வேறு எதுவும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர்கள் ஸ்வீடனின் அபிஸ்கோவுக்குப் போகலாம். சுற்றியிருக்கிற மலைகள் மேகத்தைத் தடுப்பதால் அங்கே வானம் தெளிவாக இருக்கிற இரவுகள் அதிகம். ஆனால் குளிர்காலத்தில் வெந்நீர் ஊற்று, அருவி, கருமணல் கடற்கரை, பனியாறு எல்லாம் ஒரே சாலையில் வரிசையாகக் கிடைப்பது ஐஸ்லாந்தின் தெற்குக் கரையில்தான். கீழே உள்ள திட்டம் ஐந்து இரவுக்கானது. மூன்று இரவுதான் முடியும் என்றால் அதற்கும் வழி சொல்கிறேன்.

எப்போது போவது

ஒளி தெரிகிற காலம் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. கோடையிலும் ஒளி உண்டாகத்தான் செய்கிறது, இரவே இருட்டாததால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்த ஏழெட்டு மாதத்தில் பெரும்பாலானோர் கிறிஸ்துமஸ் லீவையே பிடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிசம்பர் கடைசியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் காலை 11 மணிக்கு மேல்தான் எழும், மாலை மூன்றரைக்கு அடங்கிவிடும். நான்கு மணி நேர வெளிச்சத்தில் ஒரு அருவியும் ஒரு கடற்கரையும் பார்ப்பதற்குள் நாள் முடிந்துவிடும்.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை போங்கள். பிப்ரவரி நடுவில் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை வெளிச்சம் இருக்கும், இரவும் நீளமாக இருக்கும், பனிக்குகைகளும் திறந்திருக்கும். மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகிற சமயம், அப்போது சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து பாய்ந்து வரும் துகள்கள்) காந்தப்புலமும் பூமியின் காந்தப்புலமும் எளிதாக இணைகிற கோணத்தில் அமைவதால், வட ஒளி மற்ற மாதங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். நவம்பருக்கு முன்பு போனால் பனிக்குகைகள் பெரும்பாலும் கிடைக்காது.

சூரியன் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை உச்சத்துக்குப் போய்த் தணியும். இப்போதைய சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சம் தாண்டிவிட்டதே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். தணிகிற ஆண்டுகளிலும் சூரியனின் மேலடுக்கில் இருக்கிற சில இடைவெளிகளிலிருந்து வேகமான காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும், சூரியன் நம் பார்வையில் சுமார் 27 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதால் அதே காற்று மறுபடி நம்மைத் தொடும். நீங்கள் போகிற தேதிக்கு 27 நாள் முன்பு ஐஸ்லாந்தில் நல்ல ஒளி தெரிந்ததா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உறுதியெல்லாம் இல்லை, ஆனால் ஒரு நல்ல குறிப்பு.

பௌர்ணமியைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். மங்கலான ஒளி நிலவொளியில் அடிபட்டுப் போகும் என்பது உண்மைதான். ஆனால் பலமான ஒளிக்கு நிலா ஒரு தடையே இல்லை, கூடவே பனி மூடிய மலைகளும் படத்தில் தெரியும்.

விசா, விமானம்

ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லுகிற ஷெங்கனில் இருக்கிறது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் இருந்தால் ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும், வயது வந்தவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா வரும் வரை ஹோட்டல், கார் இரண்டையும் ரத்து செய்ய முடிகிற வகையிலேயே பதிவு செய்யுங்கள். பிரிட்டன், கனடா பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இந்த வேலை கிடையாது.

லண்டனிலிருந்து கெஃப்லவிக் விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் சொச்சம்தான், ஆகவே இது அங்கிருக்கிற நம் ஆட்களுக்கு நீண்ட வார இறுதியிலேயே முடிகிற பயணம். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஃபிராங்ஃபர்ட், கோபன்ஹேகன் போன்ற ஊர்கள் வழியாக மாறிப் போக வேண்டும். போகவர இரண்டு நாள் போய்விடும் என்பதால் அங்கிருந்து வருபவர்கள் ஐந்து இரவுக்குக் குறைவாக யோசிக்க வேண்டாம்.

இன்னொன்று, லண்டனிலிருந்து மாலை விமானத்தில் போனால் வலதுபக்க ஜன்னல் சீட் எடுங்கள். வடக்குத் திசை அந்தப் பக்கம்தான் வரும். மேகத்துக்கு மேலே பறப்பதால் தரையில் தெரியாத ஒளி அங்கே தெரிய வாய்ப்பு உண்டு. திரும்பும்போது இடதுபக்கம்.

காரா, டூர் பஸ்ஸா

இந்த முடிவில்தான் பயணம் நல்லபடியாக அமைவதும் கெடுவதும் இருக்கிறது, அதனால் மனதைத் தொட்டு யோசியுங்கள். பனியில் வண்டி ஓட்டிப் பழக்கம் இருக்கிறதா? வலதுபக்கமாக ஓட்டியிருக்கிறீர்களா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்பதாக இருந்தால் ரெய்க்யவிக்கில் தங்கிக்கொண்டு டூர் பஸ்ஸில் போங்கள். திங்வெட்லிர், கேசிர், குல்ஃபோஸ் மூன்றையும் சுற்றிவரும் கோல்டன் சர்க்கிள் ஒரு நாள், தெற்குக் கரை ஒரு நாள், யோகுல்சார்லோன் ஏரியும் பனிக்குகையும் சேர்ந்த இரண்டு நாள் டூர் என்று எல்லாமே கிடைக்கிறது. மூன்று இரவுக்காரர்களுக்கும் இதுதான் சரி. முதல் இரண்டை எடுத்துக்கொண்டு, பனிக்குகைக்குத் தெற்குக் கரையிலுள்ள வீக் ஊரிலிருந்து போகிற காட்லா குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

கார் எடுப்பதாக இருந்தால் நான்கு சக்கரமும் இயங்குகிற வண்டியாக, ஆணி பதித்த குளிர்கால டயரோடு கேளுங்கள். அங்கே உங்களைப் பாடாய்ப் படுத்தப்போவது பனியைவிடக் காற்றுதான். வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று போடுவார்கள். 20 என்று இருந்தால் மணிக்கு 72 கிலோமீட்டர் என்று அர்த்தம். அந்தக் காற்றில் கார் கதவைச் சும்மா திறந்தால் கீல் பிய்ந்து முன்பக்கமாக மடங்கிவிடும், அந்தச் சேதத்தைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதில்லை. வண்டியின் முகம் காற்றை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள், கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திறங்கள். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களாகத் திறக்கவே விடாதீர்கள்.

தினமும் காலையில் காபி குடிக்கும்போதே இரண்டு தளங்களைப் பார்த்துவிடுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வரும். சாலைத் துறையின் வரைபடத்தில் எந்தச் சாலை வழுக்குகிறது, எது மூடியிருக்கிறது என்று தெரியும். ரெய்க்யவிக்கிலிருந்து தெற்கே இறங்குகிற ஹெட்லிஸ்ஹெய்தி மேட்டுப்பாதை குளிர்காலத்தில் அடிக்கடி மூடப்படும். ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் போட்ட திட்டத்தை விட்டுவிட்டு இருக்கிற ஊரிலேயே இருங்கள். பெட்ரோல் போட நான்கு இலக்க பின் உள்ள கார்டு வேண்டும், பல பங்குகளில் ஆளே இருக்க மாட்டார்கள். அவசரத்துக்கு எண் 112.

ஐந்து இரவுப் பாதை

முதல் நாள் வந்து இறங்கி ரெய்க்யவிக்கில் தங்குங்கள். விமானக் களைப்போடு இருட்டில் வண்டி எடுத்துக்கொண்டு தூரம் போக வேண்டாம். வானம் தெளிவாக இருந்தால் நகரத்தின் மேற்கு ஓரத்தில் கிரோட்டா கலங்கரை விளக்கம் இருக்கிற முனைக்குப் போனாலே ஒளி தெரியும், கடல் பக்கம் இருட்டாக இருக்கும். 2016 செப்டம்பர் 28 அன்று நல்ல ஒளி வரும் என்று கணிப்பு வந்ததால் ரெய்க்யவிக் நகராட்சி ஊரின் பல பகுதிகளில் தெருவிளக்கையே அணைத்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கே அது அலுத்துப்போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

இரண்டாம் நாள் கோல்டன் சர்க்கிள். முதலில் திங்வெட்லிர். கி.பி. 930இல் ஐஸ்லாந்துக்காரர்கள் திறந்த வெளியில் கூடித் தங்கள் சபையை அமைத்த இடம் இது, 2004இலிருந்து யுனெஸ்கோவின் பட்டியலில் இருக்கிறது. வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் இங்கே ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கின்றன, அந்தப் பிளவுக்குள்ளேயே நடந்து போகலாம். அடுத்தது கேசிர் பகுதி. பழைய பெரிய ஊற்று இப்போது பெரும்பாலும் தூங்குகிறது, பக்கத்திலிருக்கிற ஸ்ட்ரோக்கூர்தான் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெடிக்கும். எல்லோரும் நீர் மேலே பாய்வதைப் படமெடுக்கக் காத்திருப்பார்கள். நீங்கள் அதற்கு ஒரு கணம் முன்பு குழியைப் பாருங்கள். தண்ணீர் இரண்டு மூன்று முறை மேலும் கீழுமாக மூச்சு வாங்கும், பிறகு திடீரென்று நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு நீலக் குமிழ் உப்பி எழும், உள்ளே நீராவி புரள்வது தெரியும், அடுத்த நொடி அது உடைந்து 15, 20 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் நில்லுங்கள், இல்லையென்றால் நனைந்து அந்தக் குளிரில் விறைத்துப் போவீர்கள். அங்கிருந்து பத்து நிமிடத்தில் குல்ஃபோஸ் அருவி, இரண்டு படியாக 32 மீட்டர் விழுகிறது. கீழ்ப்பாதையில் பனி உறைந்தால் கயிறு கட்டி மூடிவிடுவார்கள். அதைத் தாண்டாதீர்கள். இரவு தெற்கே ஹெட்லா, க்வோல்ஸ்வோட்லூர் பக்கம் தங்குங்கள், ஊர் வெளிச்சம் குறைவு.

மூன்றாம் நாள் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் இரண்டு அருவிகள். இரண்டும் சுமார் 60 மீட்டர் உயரம். முதலாவதின் பின்னால் சுற்றிவரும் பாதை பிரசித்தம், ஆனால் குளிர்காலத்தில் சாரல் உறைந்து பாறை முழுக்கக் கண்ணாடியாகிவிடுவதால் பெரும்பாலும் மூடியிருக்கும்.

பிறகு வீக் ஊருக்குப் பக்கத்தில் ரேனிஸ்ஃபியாரா. கருமணல், அறுகோணத் தூண்களாக நிற்கிற பசால்ட் பாறை, கடலுக்குள் கூர்மையாக எழுந்த குன்றுகள். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கடலில் பத்து அலை சாதாரணமாக வந்துவிட்டுப் பதினொன்றாவது அலை எந்த அறிகுறியும் இல்லாமல் கரைக்கு மேலே வெகுதூரம் ஏறி, ஆட்களைக் காலோடு வாரிக்கொண்டு போய்விடும். பல பேர் இறந்திருக்கிறார்கள். மெரினாவில் கால் நனைத்துப் பழகிய நமக்கு, அலை வந்தால் பின்னால் ஓடிவிடலாம் என்று தோன்றும். இங்கே ஓட முடியாது. வாசலில் எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள், சிவப்பு எரிந்தால் மணலில் இறங்கவே கூடாது. மற்ற நேரத்திலும் அலை வருகிற திசைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள்.

இரவுக்கு வீக்கைத் தாண்டி 70 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிற க்ளோய்ஸ்துர் நல்ல இடம். வழியில் எரிமலைக் குழம்பு உறைந்து பாசி போர்த்திய ஒரு பெரிய வெளியைக் கடப்பீர்கள். 1783இல் லாக்கி பிளவு வெடித்து எட்டு மாதம் ஓடிய குழம்பு அது. அதன் நச்சு வாயுவாலும் பின்வந்த பஞ்சத்தாலும் நாட்டின் மக்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டார்கள். பாசியின் மேல் நடக்காதீர்கள், மிதித்த தடம் ஆற பல பத்தாண்டுகள் ஆகும்.

நான்காம் நாள்தான் இந்தப் பயணத்தின் உச்சம். யோகுல்சார்லோன் ஏரியில் வாட்னாயோகுல் பனிமுகட்டின் ஒரு கிளையிலிருந்து உடைந்த பனிப்பாறைகள் மிதக்கும், நடுநடுவே கடல்நாய்கள் தலை தூக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் அந்தப் பனித்துண்டுகள் அலையில் உருண்டு கருமணல் மேல் ஒதுங்கிக் கிடக்கும். சில நாள் கரை முழுக்க இருக்கும், சில நாள் நாலு துண்டுதான். பனிக்குகைக்கு ஏரியின் வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே பெரிய டயர் ஜீப்பில் கூட்டிப்போவார்கள். பகல் 12 மணி வாக்கில் பதிவு செய்தால் காலையில் இருட்டில் வண்டி ஓட்டாமல் வந்து சேரலாம். உள்ளே போனதும் சுவரை நெருங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பனிக்காலமும் ஒரு அடுக்காக, நடுவே எரிமலைச் சாம்பல் கருங்கோடாக ஓடும், காற்றுக் குமிழிகள் நசுங்கி வெளியேறிய இடத்தில் பனி ஆழ்ந்த நீலமாக இருக்கும். வழிகாட்டி இல்லாமல் எந்தக் குகைக்குள்ளும் போகாதீர்கள். 2024 ஆகஸ்டில் இதே பனியாற்றுப் பகுதியில் பனி இடிந்து ஒரு பயணி உயிரிழந்தார். கோடையில் கூட்டிப்போகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்றிரவு ஏரிக்கு அருகிலேயே தங்குங்கள். ஐந்தாம் நாள் ரெய்க்யவிக்குக்குத் திரும்ப, சாலை நன்றாக இருந்தால் ஐந்து மணி நேரம். அதை நம்பி வேறு எதையும் அன்று போடாதீர்கள்.

இரவில் ஒளியைத் தேடுவது

எல்லோரும் கே.பி. எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 0 முதல் 9 வரை போகிற அந்த எண், ஒளி எவ்வளவு தெற்கு வரை பரவும் என்பதைத்தான் முக்கியமாகக் காட்டுகிறது. துருவத்தைச் சுற்றி ஒளி தோன்றுகிற வளையத்துக்கு நேர் கீழே ஐஸ்லாந்து இருப்பதால் 2 இருந்தாலே போதும். அங்கே தீர்மானிப்பது மேகம். பச்சை ஒளி தரைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜனிலிருந்து வருகிறது, மழை மேகமோ பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கே.பி. 7 ஆனாலும் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது.

ஆகவே வானிலை மையத்தின் மேக வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் வெள்ளை என்றால் தெளிந்த வானம், பச்சை என்றால் மேகம். முதல்முறை பார்ப்பவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். கீழ், நடு, மேல் என்று மூன்று அடுக்கு மேகத்துக்கும் தனித்தனி வரைபடம் உண்டு. மேல் மேகம் மட்டும் மெல்லியதாக இருந்தால் ஒளி ஊடுருவித் தெரியும், கீழ் மேகம் இருந்தால் இடத்தை மாற்ற வேண்டியதுதான். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள், சாலையும் நன்றாக இருந்தால் அங்கே போங்கள். இதற்காகத்தான் ஒரே ஊரில் ஐந்து இரவு தங்காமல் பாதையைப் பிரித்தது. ரெய்க்யவிக்கில் மழை கொட்டுகிற அதே இரவில் பனியாற்றுக்குக் கிழக்கே வானம் துடைத்து வைத்திருக்கும்.

மேகம் இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆப்களில் பி-இசட் என்று வரும் எண். சூரியக் காற்றின் காந்தப்புலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அது சொல்லும். அது மைனஸில் போய் அங்கேயே நின்றால் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற செயற்கைக்கோள்கள் அளந்து சொல்வதால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கையில் இருக்கும்.

பெரும்பாலும் இரவு 9 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில்தான் நல்ல ஆட்டம். தொடக்கத்தில் அது பச்சையாகவே இருக்காது. வடக்கே அடிவானத்துக்கு மேல் சாம்பிராணிப் புகை மாதிரி வெளிறிய ஒரு வளைவு நிற்கும், மேகம் என்று நினைத்து உள்ளே போய்விடுபவர்கள்தான் அதிகம். செல்போனை அந்தப் பக்கம் திருப்பி நைட் மோடில் ஒரு படம் எடுங்கள், படத்தில் பச்சையாக வந்தால் அது ஒளிதான். கண்ணை இருட்டுக்குப் பழக்க இருபது நிமிடமாவது கொடுங்கள், செல்போன் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். வளைவு பிரகாசமாகி அதில் செங்குத்தான கோடுகள் தெரியத் தொடங்கினால் இன்னும் சில நிமிடத்தில் அது உடைந்து தலைக்கு மேல் வந்துவிடும். அப்போது கீழ்விளிம்பில் நைட்ரஜனின் இளஞ்சிவப்பு ஓடுவது வெறும் கண்ணுக்கே தெரியும். அந்த நேரத்தில் போனைக் கீழே வையுங்கள், அது சில நிமிடம்தான்.

சாலையோரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், அதற்கென்று இருக்கிற நிறுத்துமிடத்துக்கே போங்கள். கார் இல்லாதவர்கள் ஒளி டூரை முதல் இரவுக்கே பதிவு செய்ய வேண்டும். ஒளி தெரியாவிட்டால் இன்னொரு இரவு இலவசமாகக் கூட்டிப்போவது அங்கே பரவலான வழக்கம், கடைசி இரவில் போனால் அந்தச் சலுகை எதற்கும் உதவாது.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: முக்காலி, அகல லென்ஸ், துளை எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, ஐ.எஸ்.ஓ. 1600, 5 முதல் 15 நொடி. ஒளி வேகமாக அசைந்தால் நேரத்தை 2, 3 நொடிக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் கோடுகள் குழம்பிப் பச்சைப் பூச்சாகிவிடும். ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். உபரி பேட்டரியை உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வையுங்கள். அறைக்குத் திரும்பும் முன் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள், உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் கோக்கும்.

உடுப்பும் சாப்பாடும்

மைனஸ் 20 என்று நினைத்து மூட்டை மூட்டையாக வாங்காதீர்கள். வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் தெற்குக் கரையில் குளிர்காலத்திலும் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஈரமும் காற்றும்தான் பிரச்சனை. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ், மேலே தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட், அதே மாதிரி பேண்ட். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது. குடை கொண்டுபோகவே வேண்டாம். ஷூவுக்கு அடியில் மாட்டுகிற முள் பட்டையைக் கட்டாயம் வாங்குங்கள், விலை குறைவுதான், அருவிப் பக்கம் அது இல்லாமல் நடக்க முடியாது.

ஹோட்டல் சாப்பாடு மிக விலை. சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள், பன்றி உண்டியல் படம் போட்ட போனுஸ் கடையில் காய்கறி, ரொட்டி, ஸ்கிர் தயிர் எல்லாம் வாங்கலாம். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோனால் இருட்டிய பிறகு அறைக்கு வந்து சோறு மட்டும் வடித்தால் போதும். நெய்யும் உப்புக்கண்டமும் வேண்டாம், இந்தியாவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. குழாயில் வரும் குளிர்ந்த நீரை அப்படியே குடிக்கலாம். வெந்நீரில் கந்தக வாடை வரும், பூமிக்கடியிலிருந்து வருவதால் அப்படி, குளிக்க ஒன்றும் செய்யாது.

கடைசி நாள்

ப்ளூ லகூன் போக ஆசைப்பட்டால் ரத்து செய்ய முடிகிற டிக்கெட்டாக எடுங்கள். 2023 டிசம்பரிலிருந்து கிரிண்டவிக் பக்கம் எரிமலைப் பிளவுகள் பலமுறை வெடித்திருக்கின்றன, அப்போதெல்லாம் அதை மூடினார்கள். எனக்குப் பிடித்தது ஊர்க்காரர்கள் போகிற நகராட்சி நீச்சல் குளம்தான். ரெய்க்யவிக்கில் லோய்கர்தால் குளத்தில் திறந்த வெளியில் சூடான தொட்டிகள் இருக்கின்றன, கட்டணமும் குறைவு. குளத்தில் இறங்கும் முன் நீச்சல் உடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. ஆண்கள், பெண்களுக்குத் தனித்தனி அறை. கூச்சமாக இருந்தால் மறைப்பு உள்ள அறை எது என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெய்க்யவிக்கிலிருந்து கெஃப்லவிக் 50 கிலோமீட்டர். காலை விமானம் என்றால் முந்தின இரவே டேங்கை நிரப்பிவிடுங்கள், காரைத் திருப்பித் தரும்போது நான்கு பக்கமும் கண்ணாடியையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காற்று எச்சரிக்கை இருந்தால் அந்தச் சாலையும் மூடலாம், அப்படிப்பட்ட நாளில் முந்தின இரவையே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கழிப்பது நல்லது.